பின்னால் ஒரு மூச்சு

அமிர்தகடேசன் குழலை எடுத்தால் மூச்சே வாங்கமாட்டார் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததில்லை. அவரும் யோசித்ததில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஏதோ ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் பெயரின் பின்பாதி தொலைந்துபோய், சுவரொட்டிகளில் வெறும் அமிர்த் ஆகியிருந்தார். சபாக்களில் கச்சேரி, சினிமாப் பாட்டு, கிடாரும் டிரம்ஸும் சேர்ந்த ஃப்யூஷன், இந்துஸ்தானிக்காரர்களோடு ஜுகல்பந்தி, ஜாஸ், இப்போது எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும் மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா. போகாத இடமில்லை. போன இடமெல்லாம் மாலை போட்டார்கள்.

அவருடைய குரு தையல்நாயகி அம்மாள், வேதாரண்யத்துக்கு அப்பால் உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அவரும் குழல் வாசித்தவர்தான். மேடை ஏறுவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பவர்களிடம், "வாசிச்சு முடிச்சிட்டேன்" என்பார். மேற்கொண்டு கேட்க யாருக்கும் தைரியம் வராது.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், அந்த வீட்டு வாசலில் அமிர்தகடேசனின் கார் வந்து நின்றது. காற்று கொஞ்சமும் இல்லை. கடல் பக்கத்தில் இருந்தும் ஒரு ஓலை அசையவில்லை. அவர் செருப்பைக் கழற்றும்போது பின்னால் திரும்பிப் பார்த்தார். கழற்றிய பிறகு இன்னொரு தடவை பார்த்தார். வெள்ளையாய்க் குவித்து வைத்த உப்பைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வா கடேசா," என்றார். உலகம் முன்பாதியை வைத்துக்கொண்டது. அவர் கூப்பிட்டதெல்லாம் பின்பாதியை.

"நமஸ்காரம்மா."

"சாப்பிட்டியா?"

"பசிக்கலைம்மா."

"கூட வந்தவங்க?"

"டிரைவர் கடைத்தெருவுலயே சாப்பிட்டுட்டாரு."

"நான் டிரைவரைக் கேக்கலை."

அமிர்தகடேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாள் காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரதுக்குள்ள ரெண்டு தரம் பின்னாடி பாத்தே. அதான் கேட்டேன். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். சுவரில் முதுகை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாள் அதையும் பார்த்தார்.

"சொல்லு."

"பின்னாடி யாரோ மூச்சு வாங்கறாங்கம்மா."

"எப்ப?"

"நான் வாசிக்கறப்ப."

அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அமிர்தகடேசனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை ஒரு காலத்தில் முடிவு செய்தவர் இந்த அம்மாள்தான். எட்டு வயதில் சேர்ந்தபோது ஆறு மாதம் குழலைக் கையில் கொடுக்கவில்லை. பாட்டைப் பாட வைத்தார். ஒவ்வொரு சொல் முடிகிற இடத்திலும் தரையில் ஒரு தட்டு தட்டுவார். அங்கேதான் மூச்சை இழுக்க வேண்டும். சொல்லின் நடுவில் இழுத்தால் அன்றைக்குப் பாடம் அதோடு சரி. குழலில்தான் சொல் கேட்காதே என்று பையன் ஒருநாள் கேட்டுவிட்டான். "கேக்காதுன்னா இல்லேன்னு அர்த்தமா?" என்றார் அம்மாள்.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு மேடை.

ஒவ்வொரு புது இடத்துக்குப் போகும்போதும் அவர் வந்து உத்தரவு கேட்டார். சினிமாவுக்கு வாசிக்கலாமா என்று முதலில் கேட்டபோது அவருக்கு இருபத்துநாலு வயது. உதைதான் கிடைக்கும் என்று நினைத்து வந்தார். மற்ற வித்வான்கள் ஏற்கெனவே நாலு பேச்சுப் பேசியிருந்தார்கள்.

"போயிட்டு வா," என்றார் அம்மாள். "அங்க எந்த எடத்துல மூச்சு வாங்கறாங்கன்னு மட்டும் பாத்துக்க."

கிடார்க்காரர்களோடு வாசிக்கலாமா என்று கேட்டபோதும் அதேதான் சொன்னார். ஜாஸுக்குப் போகும்போதும் அதேதான். வயசாகிவிட்டது, ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். நல்ல சிஷ்யர்களும் இப்படி நினைப்பது உண்டு.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் அம்மாள்.

"ஒரு வருஷம் ஆச்சு. மொதல்ல ஸ்டூடியோலதான் கேட்டுது. சவுண்ட் இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, சார் மூச்சு விழுது, வெட்டிடவான்னு கேட்டான். வெட்டுன்னேன்."

"எப்பவும் வெட்டுவாங்களா?"

"எப்பவும்தாம்மா. சினிமாவுல மூச்சு கேக்கக் கூடாது. வாசிக்கறது மட்டும்தான் வேணும். நடுவுல இழுக்கற சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டி எடுத்துடுவாங்க. இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான்."

"வெட்டி எங்க போடுவாங்க?"

"எங்கயும் போட மாட்டாங்கம்மா. அழிச்சிடுவாங்க."

"ம்," என்றார் அம்மாள். கொத்தவரங்காயின் நாரை உரித்துத் தனியாக வைத்தார்.

"அன்னிக்கு அவன் வெட்டிட்டுத் திருப்பிப் போட்டான். மூச்சு அப்படியே இருந்துது. மறுபடியும் வெட்டினான். மறுபடியும் இருந்துது. மூணாவது தரம் வெட்டலை. வீட்டுக்குப் போகணும் சார்னு எழுந்து போயிட்டான்."

"உன் மூச்சா இருக்கும்."

"அதான்மா விஷயமே. நான் இப்ப மூச்சு வாங்கறதே இல்ல."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

அமிர்தகடேசன் சொன்னார். ஜாஸ் வாசிக்கப் போன ஊரில் சாக்ஸபோன்காரர் ஒருவர் அவருக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். கன்னத்தில் கொஞ்சம் காற்றை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். நாதம் அறுபடாது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் பிடித்தபடி நிற்கலாம். அமிர்தகடேசன் பதினோரு நிமிஷம் நின்றார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தப் பதினோரு நிமிஷத்தைத்தான் கேட்டார்கள். சபாக்களில்கூடக் கேட்டார்கள்.

"நல்ல வித்தைதானே," என்றார் அம்மாள்.

"நல்ல வித்தைதான். ஆனா கொஞ்ச நாள் கழிச்சு, மூக்கால இழுக்கறது எனக்கே தெரியாமப் போச்சு. பழகிடுச்சுன்னு நெனச்சேன். ஒருநாள் கண்ணாடி முன்னாடி நின்னு வாசிச்சுப் பாத்தேன். மார் ஏறவே இல்ல. கன்னமும் அசையலை. குழல் மட்டும் பேசிக்கிட்டு இருந்துது."

"டாக்டர்கிட்டக் காமிச்சியா?"

"காமிச்சேன். சின்னப் பையன் நுரையீரல் மாதிரி இருக்கு, என்ன ரகசியம்னு கேக்கறாரு."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

"எனக்கு மட்டும் கேட்டா மனப்பிராந்தின்னு விட்டுடுவேம்மா. பூரணியை உங்களுக்குத் தெரியும். எனக்குப் பத்து வருஷமாத் தம்புரா போடற பொண்ணு. மார்கழிக் கச்சேரி முடிஞ்சதும் வந்து, இனிமே வரலை சார்னா. ஏன்னு கேட்டேன். உங்களுக்கும் எனக்கும் நடுவுல யாரோ உக்காந்திருக்காங்க சார், எடம் பத்தலைன்னா."

தம்புரா போடுகிறவர் வாசிப்பவருக்குப் பின்னால்தான் உட்காருவார். மேடையில் அவ்வளவு பின்னால் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"அவளுக்கப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரும் ஒரு கச்சேரியோட நின்னுட்டாங்க. இப்ப மெஷின்தான் வெச்சிக்கிறேன். மெஷின் பயப்படாது."

அம்மாள் முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எந்த எடத்துல இழுக்குது?"

அமிர்தகடேசன் இதைச் சொல்லத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தார். சொல்லத்தான் பிடிக்கவில்லை.

"நீங்க தட்டின எடத்துலம்மா. சொல் முடியற எடத்துல. ஒரு தரம்கூடத் தப்பலை."

"ஜாஸ் வாசிக்கறப்ப?"

"அங்க எந்த எடத்துல வாங்கணுமோ அங்க. ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சா, நடத்தறவர் குச்சியைத் தூக்கறதுக்கு ஒரு கண் இமைக்கிற நேரம் முந்தி. சினிமா மெட்டுக்கு வேற மாதிரி. எல்லா எடமும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"உன்னைவிட நல்லாத் தெரியுமா?"

"ஆமாம்மா."

சொன்னபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வயதையும் பட்டங்களையும் பார்க்காமல் அது வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒம்பது நாள்ல மெட்ராஸ்ல கச்சேரி. எண்பது பேர் ஆர்க்கெஸ்ட்ரா, நடுவுல நான். ஒரு எடத்துல எண்பது பேரும் நிறுத்திடுவாங்க. குழல் மட்டும் தனியா நாலு நிமிஷம். ஊசி விழுந்தாக் கேக்கும். அந்த நேரத்துல அது இழுத்தா ரெண்டாயிரம் பேருக்கும் கேட்டுடும். அதோட நான் முடிஞ்சேன். இப்பவே வீட்ல குழலைத் தொடறதில்லை. பயமா இருக்கும்மா. நெஜமாவே பயமா இருக்கு. இதை எப்படியாவது நிறுத்திக் குடுங்க."

"யாருன்னு நெனைக்கிறே?"

"தெரியலை. பழைய வித்வான் யாராவது... நான் எல்லாத்தையும் போட்டுக் கலந்துட்டேன்னு கோபமா இருக்குமோ என்னமோ. நான் போயிருக்கக் கூடாதோ? சொல்லிடுங்கம்மா. சினிமாவுக்கும் ஜாஸுக்கும் போனது தப்பா?"

"தப்புன்னா நானே போகாதேன்னிருப்பேனே."

"அப்புறம் ஏன்மா இப்படி?"

அம்மாள் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு கோரைப் பாய்கள் இருந்தன. ஒன்றைக் கூடத்தின் நடுவில் விரித்து, வந்து உட்காரச் சொன்னார். அவர் சுவரை விட்டு வர யோசித்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். அம்மாள் இரண்டாவது பாயை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார்.

"அது எதுக்கும்மா?"

"அதுவும் ஒரு வருஷமா வெறும் தரையில உக்காந்திருக்குமே."

"அம்மா, விளையாடாதீங்க."

"நான் எப்ப விளையாடினேன்?"

உண்மைதான். அவர் விளையாடி யாரும் பார்த்ததில்லை. பாய் புதிது. சுருட்டியே வைத்திருந்ததால் விரித்தாலும் ஓரம் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. அம்மாள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"சாவேரிக் கீர்த்தனை வாசி. நான் மொதமொதல்ல சொல்லிக்குடுத்தது."

அமிர்தகடேசன் குழலை உறையிலிருந்து எடுத்தார். உதட்டில் வைத்தார். நாதம் வந்தது.

அழகான நாதம். இதை மறைப்பதற்கில்லை. கூடம் முழுக்க நிறைந்து, வாசலைத் தாண்டி உப்பளம் வரைக்கும் போயிற்று. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

பல்லவியின் முதல் சொல் முடிந்தது.

அவருக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. நீண்ட வாக்கியம் பேசப்போகிறவர் இழுத்துக்கொள்வாரே, அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அப்போது மூன்றாவது ஆள் இல்லை. காற்றும் இல்லை.

அமிர்தகடேசனின் கண் அம்மாளைப் பார்த்தது. அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேல், பின்னால், உட்கார்ந்திருப்பவரின் முகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது முன்பு எப்படித் தலையசைப்பாரோ அப்படி லேசாகத் தலையசைத்தார். சரியான இடத்தில் மூச்சு வாங்கினால் மட்டும் கிடைக்கும் தலையசைப்பு அது.

குழல் நின்றது.

"கேட்டுதாம்மா?"

"கேட்டுது."

"பாத்தீங்களா?"

"பாட்டைக் கேக்கறப்ப நான் எதையும் பாக்கறதில்ல."

அமிர்தகடேசன் மெதுவாகத் திரும்பினார். பின்னால் ஒருவரும் இல்லை. பாய் மட்டும் கிடந்தது. சுருண்டு சுருண்டு வந்த அதன் ஓரம், இப்போது தரையோடு படிந்து கிடந்தது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காரு," என்றார் அம்மாள். "இன்னொரு தரம் வாசி. இந்தத் தரம் அது இழுக்கறதுக்கு முந்தி நீ இழு."

"எங்கம்மா?"

"உனக்குத் தெரியாதா?"

அவர் பல்லவியை மறுபடி எடுத்தார். முதல் சொல் முடிகிற இடம் நெருங்கியது. அந்த இடத்தில் அம்மாள் தரையில் ஒரு தட்டு தட்டினார். அமிர்தகடேசன் உதட்டிலிருந்து நாதத்தை அறுத்துவிட்டு மூச்சை இழுத்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, மார் ஏறி இறங்க, சத்தமாக இழுத்தார்.

பின்னால் சத்தமில்லை.

அடுத்த சொல்லை வாசித்தார். நாதம் உடைந்தது. பாதி காற்றாகவும் பாதி ஸ்வரமாகவும் வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போன இடத்தில் கீச்சென்றது. சொல் முடிந்ததும் மறுபடி முந்திக்கொண்டு இழுத்தார். மறுபடியும் பின்னால் சத்தமில்லை. ஆனால் அடுத்த சொல் முடிவதற்குள்ளேயே மூச்சு தீர்ந்துவிட்டது. நெஞ்சு வலித்தது. இருமினார். உப்பளத்துப் பெண்கள் பலகையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவர் விடவில்லை. சரணம் வரைக்கும் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தார். வேர்த்து ஊற்றியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாட்டு முழுவதும் பின்னால் ஒரு சத்தமும் எழவில்லை.

குழலை மடியில் வைத்தார். முதலில் சந்தோஷம்தான் வந்தது.

"போயிடுச்சும்மா! கேட்டீங்களா? ஒரு எடத்துலகூட இழுக்கலை."

"ம்."

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. தான் இப்போது வாசித்தது என்ன என்பது அவர் காதுக்கு எட்டியது. மூன்றாம் வருஷத்தில் படிக்கிற பையன் இதைவிட நன்றாக வாசிப்பான். அவரே மூன்றாம் வருஷத்தில் இதைவிட நன்றாக வாசித்திருந்தார்.

"ஆனா என் நாதம் எங்கம்மா போச்சு?"

அவர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு வயசுலேர்ந்து வாசிக்கிறேன். இப்படி ஒருநாளும் வந்ததில்ல. மூச்சை நானே வாங்கினா இப்படியா ஆகும்? சத்தம் நிக்கணும்னு கேட்டேன். நாதமும் சேர்ந்து போகணும்னு கேக்கலையே."

"கடேசா."

"சொல்லுங்கம்மா."

"ஒரு வருஷமா அது மூச்சு இழுக்கறதைக் கேட்டிருக்கே."

"ஆமா."

"ஒரு தரமாவது விடறதைக் கேட்டிருக்கியா?"

அவர் யோசித்தார். ஸ்டூடியோவில் கேட்டதை யோசித்தார். மார்கழி மேடையை யோசித்தார். ஒவ்வொரு இடமாக நிதானமாக யோசித்துப் பார்த்தார். இழுக்கிற சத்தம் எல்லா இடத்திலும் இருந்தது.

"இல்லம்மா," என்றார். "விடறதைக் கேட்டதே இல்ல."

"அவ்வளவும் இழுத்துதே. எந்த வழியா வெளில விட்டுது?"

அமிர்தகடேசன் மடியில் இருந்த குழலைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பதினோரு நிமிஷம் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று கைதட்டிய ஜனங்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்களுக்கு அவர் கும்பிடு போட்டதும் ஞாபகம் வந்தது. குழலைப் பாயில் வைக்கவும் பயமாக இருந்தது, கையில் வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

அப்போது பின்னால் அது மூச்சை இழுத்தது.

அவர் குழலைத் தூக்கவே இல்லை. வாசிக்கப்போவதாகச் சொல்லவும் இல்லை. அது நீளமாக, ஆழமாக, அடிவயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டது. இழுத்து முடித்துவிட்டு, அவர் குழலை உதட்டுக்குக் கொண்டுவரட்டும் என்று காத்திருந்தது. அந்த மத்தியானத்தில் அவ்வளவு அமைதி வேறெங்கும் இருந்திருக்காது.

அமிர்தகடேசன் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் எழும்பாமல் கேட்டார்.

"அம்மா, இதை அனுப்பிட்டா, ஒம்பதாம் நாள் மேடையில அந்த நாலு நிமிஷம் யாரு வாசிக்கறது?"

"நீதான்," என்றார் அம்மாள். "கேக்க நல்லா இருக்காது. நான் வந்து முன்னாடி உக்காந்துக்கறேன்."